கிழக்கே நாற்பது கட்டம்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற சாலையில், ஊர் முடிந்து தேங்காய்க் களங்கள் தொடங்குகிற இடத்தில், லாரிகளை எடை போடுகிற மேடை ஒன்று உண்டு. அந்த எடைமேடையை ஒட்டிய கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த தமயந்தி, ஆடி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, எங்கும் இல்லாத ஒரு உலகத்தின் கிழக்கு ஓரத்தைப் பிடித்து நாற்பது கட்டம் தள்ளி வைத்தாள். வைத்த கையோடு அங்கே ஓர் ஆற்றை விட்டு, ஆற்றங்கரையில் ஆம்பல்துறை என்று ஓர் ஊரைக் குறித்து, ஊரின் ஜனத்தொகை நூற்றுப் பதினேழு என்று எழுதி, வீடுகளை அப்புறம் வரைந்துகொள்ளலாம் என்று சேவ் பண்ணிவிட்டு, வெளியே கொப்பரை லாரி ஒன்று ஹாரன் அடித்ததால் எழுந்து போனாள்.

எடை போட்டுச் சீட்டுக் கிழித்துக் கொடுத்துத் திரும்பியபோது நூற்றுப் பதினேழு பேரும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் வரைந்துகொண்டிருந்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு. ராஜாக்கள் படை திரட்டி ஒருவர் நாட்டை ஒருவர் பிடிக்கிற பழைய வெளிநாட்டு விளையாட்டு அது. அதன் மலைகளையும் கோட்டைகளையும் பேர்களையும் கழற்றிப் போட்டுவிட்டு, தமிழ்ப் பேரும் தமிழ் ஆறும் வைத்து, நடுநடுவே பறக்கிற யானையும் பேசுகிற பாறையும் சேர்த்து, 'ஏழரசு' என்று பெயர் சூட்டி, ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தேயிராத நாலு பேர் எட்டு வருஷமாகச் சம்பளமில்லாமல் மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இப்படி மாற்றிக் கட்டுவதற்கு மோட் என்று பெயர். நாலு பேருக்கும் தலைவன் டொரண்டோவில் இருந்த ஆரூரன். நிலம் முழுக்கத் தமயந்தியுடையது. சிவில் டிப்ளமோ படித்துவிட்டு, அப்பா அர்த்தநாரிக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவர் பார்த்த எடைமேடை வேலையைத் தான் பார்க்க வந்து, வந்த இடத்தில் முப்பத்தொன்பது வயதாகிவிட்டவள் அவள். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் ஏழு நாடுகளை வரைந்திருந்தாள். விளையாடுகிறவர்கள் ஏழையும் பிடித்துச் சலித்துப்போய், கிழக்கே கறுப்புக் கோடு போட்டது போல முடிகிற இடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கேட்கத் தொடங்கியதால்தான் அந்த நாற்பது கட்டம்.

வந்தவர்கள் எடைமேடைக்குப் பின்னாலிருந்த கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தைக் கடந்து வந்திருந்தார்கள். கால்களில் புழுதி. அவள் அந்த ஊருக்கென்று வைத்திருந்த ஐந்தே நிறங்களில் துணி உடுத்தியிருந்தார்கள். கைக்குழந்தைகளும் இருந்தன. எல்லோருக்கும் முன்னால், பரிசலைத் தலைமேல் கவிழ்த்துப் பிடித்தபடி நின்றவரின் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. ஊருக்கான ஆட்களை முன்கூட்டியே வரைந்தபோது, போன வாரம் வியாழக்கிழமை, அவருக்கு இமையன் என்று பேரிட்டு அந்தத் தழும்பையும் வைத்தவள் தமயந்திதான்.

"இமையனுங்களா?" என்றாள்.

"அக்கரைக்கு வருகிறீர்களா?" என்றார் அவர், பரிசலுக்கு அடியிலிருந்து.

எதிர்ச்சாலையில் டீக்கடை வைத்திருந்த பழனாத்தா, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே சாலையைத் தாண்டி வந்தார். கூட்டத்தை ஒரு தரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"ஒறம்பரைங்களா கண்ணு?" விருந்தாளிகளை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆமாங்கத்தே."

"எந்தூருங்?"

"கெழக்காலீங்க. நாந்தான் வரைஞ்சேன். வீடு வரையறதுக்குள்ள வந்துட்டாங்க."

"வீடில்லாம ஆள எழுதுனா எங்க போவாங்க, உங்கிட்டத்தான் வருவாங்க," என்றார் பழனாத்தா. "நூறு கிளாசு எங்கிட்ட இல்ல. ரெண்டு பந்தியா உக்கார வெய்யி, டீயப் போட்டு வாரேன்."

ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் ஊருக்குள் பெரிய கல்யாண மண்டபம் சும்மா பூட்டிக் கிடந்தது. அதன் மேனேஜர் சாவியோடு வந்து திறந்துவிட்டார். அரிசி ஆலைகளிலிருந்து ஆலைக்கு ஒரு மூட்டை வந்தது, எண்ணெய் ஆலைகளிலிருந்து டின் டின்னாக எண்ணெய் வந்தது, சமையல்காரர் ஒருவர் விசேஷமில்லாத மாதத்தில் கை மரத்துப்போகிறது என்று சொல்லித் தானாகவே வந்து அடுப்பு மூட்டினார். மூன்றாம் நாள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒரு பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்து, நூற்றுப் பதினேழு பேரையும் வரிசையாக நிற்க வைத்து எழுதி, 'எங்கிருந்து வந்தவர்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்து, 'கிழக்கு' என்று போட்டு, எல்லோர் பேருக்கும் நேராக அதையே போட்டுக்கொண்டு போனார்.

ஒரே ஒரு லாரி டிரைவர்தான் சண்டைக்கு வந்தார். "லோடு ஏத்தி நிக்கிறப்ப மேடைமேல இத்தன பேரு நின்னா எட தப்பாதுங்களா?" என்று அவர் சத்தம் போட, தமயந்தி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். இருபது பேர் இறங்கினார்கள், ஏறினார்கள். எண் அசையவில்லை. அவர்களுக்கு எடையே இல்லை. டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, "பாவம், சரியாச் சாப்புட்டிருக்க மாட்டாங்க," என்று சொல்லி, லாரியிலிருந்து ஒரு தார் வாழைப்பழத்தை இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

அவர்களிடம் இன்னொன்றும் குறைவாக இருந்தது. விளையாட்டில் ஓர் ஆளைத் தொட்டால் பேசுவதற்கென்று ஆளுக்கு நாலைந்து வாக்கியம் எழுதுவது வழக்கம், அதற்கு மேல் யாரும் தொடமாட்டார்கள் என்பதால். ஆகவே ஆம்பல்துறைக்காரர்கள் ஆளுக்கு நாலைந்து வாக்கியங்களோடுதான் வந்திருந்தார்கள். மீன் விற்கிற பெண்ணுக்குச் சந்தோஷம் வந்தாலும் தலைவலி வந்தாலும் "இன்று காலை பிடித்த மீன்" என்றுதான் சொல்ல முடிந்தது. ஊர்க் காவலன் எதிரில் வருகிற எல்லோரையும் "யார் அங்கே? நண்பரா, பகைவரா?" என்று கேட்டான், முதல் இரண்டு நாள் திடுக்கிட்ட காங்கேயத்துக்காரர்கள் மூன்றாம் நாளிலிருந்து "நண்பருதானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், ஒரு வாரத்தில் பஸ் ஸ்டாண்டில் ஒருவரை ஒருவர் பார்த்தால் அதையே கேட்டுச் சிரித்துக்கொண்டார்கள்.

இமையனிடம் ஐந்து வாக்கியங்கள் இருந்தன. அக்கரைக்கு வருகிறீர்களா, தண்ணீர் இன்று அமைதியாக இருக்கிறது, இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது, மழை வரும் போலிருக்கிறது, ஆற்றைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். இந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு அவர் மண்டபத்துக்குப் போகாமல் எடைமேடைக்குப் பின்னாலிருந்த தமயந்தியின் வீட்டு வேப்பமரத்தடியில் பரிசலைச் சாய்த்து வைத்து அதன் நிழலில் தங்கிவிட்டார். காரணம் அர்த்தநாரி. ஒன்பது வருஷமாக அவருக்கு வலது கையும் காலும் விளங்காது, பேச்சில் மிஞ்சியது 'சரி' என்ற ஒரே சொல். வருகிறவர்கள் அவரிடம் பேச ஆரம்பித்து, இரண்டு 'சரி'க்குப் பிறகு சங்கடப்பட்டு, தமயந்தியின் பக்கம் திரும்பி விடுவார்கள். இமையன் திரும்பவில்லை.

"மழை வரும் போலிருக்கிறது," என்பார் இமையன்.

"சரி?" என்று வானத்தைப் பார்ப்பார் அர்த்தநாரி, சந்தேகமாக.

"ஆற்றைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்."

"சரி, சரி," என்று கையை உதறுவார் அவர், உனக்கு ஒன்றும் தெரியாது என்பது போல. இமையன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ள, அர்த்தநாரி சிரிப்பார். எடை எழுதிக்கொண்டிருந்த தமயந்திக்கு அந்தச் சத்தம் முதலில் என்னவென்றே புரியவில்லை. அப்பா சிரித்து ஒன்பது வருஷமாகியிருந்தது. அவள் சீட்டில் எண்ணைத் தப்பாக எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள்.

ஆவணி பிறந்ததும் மண்டபத்துக்குக் கல்யாணங்கள் வந்துவிட்டன. அதற்காக யாரும் கூட்டம் போடவில்லை. ஊர்க்காரர்கள் அவரவர் வண்டியில் வந்து, ஆளுக்கு ஒரு குடும்பமாகத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். போன வீடுகளில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. களத்தில் தேங்காய்ப் பருப்புக் காயப்போட்டார்கள், மாட்டுக்குத் தண்ணி காட்டினார்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு ஜடை பின்னிவிட்டார்கள். பேச்சும் அப்படியே ஒட்டியது. முதலில் எல்லா வாக்கியத்தின் முடிவிலும் ஒரு 'ங்க' சேர்ந்தது. "இன்று காலை பிடித்த மீனுங்க," என்றாள் மீன்காரப் பெண். பிறகு புதுச் சொற்கள் வந்தன. ஒருநாள் காலை இமையன் சமையலறை வாசலில் வந்து நின்று, "உங்கப்பனுக்கு வெச்ச வெந்நி ஆறிப்போச்சுங்க," என்றார்.

தமயந்தி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். அது அவள் எழுதாத வாக்கியம்.

"திருப்பிச் சொல்லுங்க," என்றாள்.

"வெந்நி ஆறிப்போச்சுங்க. வேற சுட வெக்கோணும்."

வேறு சுட வைத்தாள். அடுப்புக்கு முன்னால் நின்று, கண்ணில் புகை பட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது கேஸ் அடுப்பு.

அப்போதுதான் அவள் வீடுகளை வரையத் தொடங்கியிருந்தாள். ஊரே வந்து சொல்லிக்கொடுத்தது. நெசவுக்காரர் ஒருவர் வந்து, தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் அம்மிணிக்கு மேற்கு வெயில் ஆகாது, கிழக்கே பார்த்த வாசல் வையுங்கள் என்றார். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் பையன் ராத்திரி பயப்படுகிறான், அவன் படுக்கும் இடம் அம்மா கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்றாள். ஏழு நாடுகளிலும் ஒரே மாதிரி நாலு வகை வீட்டை மாற்றி மாற்றி ஒட்டிப் பழகியிருந்த தமயந்தி, ஆம்பல்துறைக்கு மட்டும் ஒரு வீட்டைப் போல இன்னொன்று இல்லாமல் வரைந்தாள். சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் போகும்போது ஒன்றைச் சேர்த்துச் சொன்னார்கள்: "அவசரமில்ல கண்ணு. மெதுவா வரைங்க." வீடு முடிந்தால் ஒறம்பரை கிளம்பிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தமயந்தியும் மெதுவாகத்தான் வரைந்தாள். ஒரு கூரைக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். போட்ட சன்னலை அழித்துவிட்டு அரைக் கட்டம் தள்ளிப் போட்டாள். ஆனால் சாயங்காலமானால், ஊரில் எங்கெங்கே இருந்தாலும், நூற்றுப் பதினேழு பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் கிழக்கே பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார்கள். அழவில்லை, பெருமூச்சு விடவில்லை, வெறுமனே நின்றார்கள். பரிசலுக்குப் பக்கத்தில் இமையனும் நின்றார்.

"வீடு எப்பங்க ஆகும்?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஆகும். இங்க ஏதாவது கொறைங்களா?"

"கொறையில்லீங்க. ஆத்துல தண்ணி வருதா, வத்திப்போச்சான்னு தெரியல. அதான்."

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாளிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று வீடு வரைந்தாள்.

புரட்டாசி முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆரூரன் கூப்பிட்டான். "தமயந்தியக்கா, கிழக்கு முடிஞ்சுதோ? இஞ்ச பொடியள் கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கிறாங்கள். வாற வெள்ளி எல்லாத்தையும் ஒண்டாச் சேர்த்து வெளியில விடப்போறன். அதுக்குள்ள வராத நிலம் அழிஞ்சு போகும், பிறகு என்னைப் பேசக் கூடாது."

"வந்துரும் தம்பி. ஆம்பல்துறை மட்டும் பாக்கி."

"அதைப் பாத்தனான்," என்று சிரித்தான் அவன். "மதில் இல்லை, கோட்டை இல்லை, காவலுக்கு ஒரே ஒருத்தன். திறந்து ஒரு மணித்தியாலம் தாங்காதக்கா. முதல் வாற படை எரிச்சுப்போட்டுப் போகும்."

எட்டு வருஷமாக அவள் வரைந்த எல்லா ஊர்களும் அப்படித்தான் எரிந்தன. யாராவது பிடிப்பதற்காகத்தான் ஒரு விளையாட்டில் ஊர் இருக்கிறது. அது தெரிந்துதான் வரைந்தாள். இப்போது போனைக் கீழே வைத்துவிட்டு வெளியே பார்த்தாள். வேப்பமரத்தடியில் இமையன், அர்த்தநாரியின் தாடையை இடது கையால் நிமிர்த்திப் பிடித்து, வலது கையால் மிகக் கவனமாகச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

அவள் மறைக்கவில்லை. சாயங்காலம் டீக்கடை முன்னால் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, உள்ளதைச் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் ஆறும் ஊரும் அழியும். கொடுத்தால் படை வரும். நூற்றுப் பதினேழு பேரையும் தங்க வைத்திருந்த காங்கேயத்துக்காரர்கள்தான் முதலில் பேசினார்கள்.

"போவ வேண்டாமுங்க, இங்கயே இருந்துட்டுப் போவட்டும்," என்றார் நெசவுக்காரர்.

"ஆறு போயிருமுங்களே," என்றார் இமையன்.

"நாலு பக்கமும் மலையை வெச்சு அடைச்சுரட்டுங்களா?" என்றாள் தமயந்தி. "மலையைத் தாண்ட விளையாட்டுல ஒரு படைக்கும் வழி கெடையாது. யாராலயும் உள்ள வர முடியாது."

இமையன் அதை யோசித்தார். யோசித்துவிட்டு, "அப்பறம் நாங்க இங்க வர்றது எப்படீங்க?" என்று கேட்டார்.

ஊர்க் காவலன் யாரையும் பார்க்காமல் மெல்ல, "யார் அங்கே?" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்த பழனாத்தா நிமிர்ந்தார். "ஏங்கண்ணு, இத்தன படிச்சிருக்கற, இதுக்குப் போயி மலையத் தூக்கிட்டு வாரேங்கற. உம்பட வூட்டுக்குப் பின்னால கொறங்காடு இருக்குதுல்ல? சுத்திலும் என்ன வெச்சிருக்குது?"

"கிளுவ வேலீங்க."

"மாடு அதத் தாண்டுதா?"

"தாண்டாதுங்க."

"நீயி எப்படிப் போறே வாரே?"

தமயந்தி திரும்பிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் நுழைந்து வந்த இடம்தான். வேலியின் ஒரு மூலையில் இரண்டு கற்கள் நெருக்கமாக நட்டிருக்கும். அதற்குக் கடவு என்று பெயர். ஒருக்களித்து, ஒரு காலை முன்னால் வைத்து, மறு காலை எடுத்து வைத்தால் ஆள் நுழையலாம். மாடு நுழைய முடியாது. நாலைந்து பேர் சேர்ந்தும் நுழைய முடியாது, ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும்.

"படைங்கறதும் மந்தைதானே," என்றார் பழனாத்தா, அடுத்த கிளாஸைக் கழுவிக்கொண்டே.

மிச்சமிருந்த வீடுகளையும் முடித்துவிட்டு, நாலு நாள் தமயந்தி வேலி நட்டாள். விளையாட்டின் விதிப்படி ஒரு படை நகர இரண்டு கட்டம் அகலம் வேண்டும். தனி ஆளுக்கு ஒன்று போதும். நாற்பது கட்டக் கிழக்கையும் சுற்றிக் கிளுவை முள்ளை அடர்த்தியாக வைத்து, மேற்கு ஓரத்தில் ஒரே ஒரு கட்டத்தை விட்டு, அதன் இரண்டு பக்கமும் கல் நட்டாள். வியாழக்கிழமை ஆரூரன் அதைப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"முள்ளுவேலியோ? ஆனைப்படை வந்து நிக்கிற இடத்தில முள்ளுவேலியோ அக்கா?"

"கிளுவ வேலி தம்பி. ஆனையும் நுழையாது."

"அப்ப எப்பிடிப் பிடிக்கிறது?"

"பிடிக்க முடியாது. வேலெல்லாம் ஒரு ஓரமா வெச்சுட்டு ஒவ்வொருத்தரா உள்ள போயி, சாப்பிட்டுட்டு வரலாம். உங்களுக்கு அடிச்சுக்க ஏழு நாடு குடுத்திருக்கறேன். இதை மட்டும் விட்டுருங்க. இதுல ஆள் இருக்கறாங்க."

ஆள் இருக்கிறார்கள் என்பதற்கு அவன் என்ன பொருள் எடுத்துக்கொண்டானோ, ஆரூரன் கத்துவதை நிறுத்தினான். தூரத்தில் ஏதோ ரயில் போவது கேட்டது. பிறகு அவன், "எங்கட ஊரையும் ஆராவது இப்பிடி வரைஞ்சிருக்கலாமக்கா," என்றான். "விடுங்கோ. அப்பிடியே சேர்க்கிறன்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒறம்பரை கிளம்பியது. ஊர் மொத்தமும் எடைமேடைக்கு வந்திருந்தது. கொப்பரை, செக்கெண்ணெய், வெண்ணெய், புதுத் துண்டு, பிள்ளைகளுக்குச் சிலேட்டு என்று வீட்டுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். போகிறவர்கள் சாலையிலிருந்து கொறங்காட்டுக்குத் திரும்ப எடைமேடையைத்தான் கடக்க வேண்டும். மேடை நிறைந்தபோது தமயந்தியின் கண் பழக்கத்தில் கம்ப்யூட்டருக்குப் போனது. ஐயாயிரத்து எண்ணூற்று நாற்பது கிலோ என்று காட்டியது. மூட்டைகளின் எடையாக இருக்கும் என்று எல்லாவற்றையும் கீழே இறக்கி வைக்கச் சொன்னாள். எண் கொஞ்சம் இறங்கி, ஐயாயிரத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. அவள் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து உரக்கப் படித்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். அந்த லாரி டிரைவரும் கூட்டத்தில் இருந்தார், தானே சோறு போட்டு வளர்த்தது போல மீசையைத் தடவிக்கொண்டார்.

ஒருவர் பின் ஒருவராகக் கடவில் நுழைந்தார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் காங்கேயத்து வெயிலில் இருந்த பெண், அந்தப் பக்கம் காலை வைத்ததும் ஆற்றங்கரைக் காற்றில் முந்தானை படபடக்கப் போய்க்கொண்டிருந்தாள். கடைசியாக இமையன் வந்தார். பரிசல் கடவில் நுழையாது என்பதால் அதை வேலிக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் கொடுத்தார்கள். அவர் அர்த்தநாரியின் நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அவருடைய செயலற்ற வலது கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். எழுந்து தமயந்தியிடம் வந்தார்.

"போய்ட்டு வாரனுங்க," என்றார். அந்த ஊரில் யாரும் போகிறேன் என்று மட்டும் சொல்லமாட்டார்கள் என்பதை அவர் கற்றுக்கொண்டிருந்தார்.

"தண்ணி இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க," என்றாள் தமயந்தி.

அன்று மாலை ஆரூரன் கிழக்கைத் திறந்தான். மூன்று மணி நேரத்தில் முதல் படை வந்தது; அதற்குப் பின்னால் பதினொரு படைகள். வேலிக்கு வெளியே யானைகள் நின்றன, பறக்கிற யானைகளும் வேலியைத் தாண்ட விளையாட்டில் விதி இல்லாததால் வட்டமடித்துவிட்டுத் திரும்பின. விளையாடுகிறவர்கள் இரண்டு நாள் திட்டி எழுதினார்கள். மூன்றாம் நாள் யாரோ ஒருவர், படையைக் கலைத்துவிட்டு ஒரே ஒரு வீரனை வேலில்லாமல் கடவுக்குள் அனுப்பிப் பார்த்தார். அவனை ஊர்க் காவலன் நண்பரா பகைவரா என்று கேட்டதையும், அவன் மீன்குழம்பு சாப்பிட்டதையும், அவர் பெரிய கட்டுரையாக எழுதினார். அதற்கப்புறம் ஏழு நாட்டு வீரர்களும் வேல்களைக் கடவுக்கு வெளியே சாத்தி வைத்துவிட்டு வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள்.

எடைமேடையில் எல்லாம் பழையபடி ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கொறங்காட்டுப் பக்கமிருந்து யாராவது வந்தார்கள். மீன்காரப் பெண் கூடையோடு வந்தாள், பையன் டீச்சரைப் பார்க்க வந்தான். இமையன் வரவில்லை. ஆற்றில் தண்ணீர் நிறைய, துறையை விட்டு அவரால் நகர முடியவில்லை என்றார்கள். அர்த்தநாரி வேலியைப் பார்த்தபடி நாற்காலியைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். தமயந்தி வேப்பமரத்தடியைத் தினமும் கூட்டினாள், அவ்வளவுதான்.

தை மாதத்து ஒரு ஞாயிறு காலையில் அவர் வந்தார். வெயிலில் கறுத்திருந்தார், கொஞ்சம் இளைத்திருந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"ஆத்துக்கு அக்கட்ட ஒரு கரடு இருக்குதுங்க, சின்ன மலையாட்ட," என்றார்.

"நான் கரடு எதுவும் வெக்கலீங்களே. ஆறு தாண்டி ஏழு கட்டம் புல்லு, அதோட முடிஞ்சுது."

"எங்களுக்கும் தெரியுமுங்க. போன மாசம் வரைக்கும் அங்க ஒண்ணுமில்ல. இப்ப இருக்குது."

தமயந்தி உள்ளே போய்ப் படத்தைத் திறந்து பார்த்தாள். ஆறு, ஏழு கட்டம் புல், நேர்க்கோடு, கறுப்பு. அப்படியேதான் இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்தாள். சாவியைக் கொண்டுபோய்ப் பழனாத்தாவிடம் கொடுத்து, லாரி வந்தால் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

"எங்க போற?"

"தெரியலீங்கத்தே."

"போ, போ," என்றார் பழனாத்தா. "உங்கப்பன வுட்டுட்டுப் போயிறாத."

நாற்காலி கடவில் நுழையாது. இமையன் அர்த்தநாரியை முதுகில் தூக்கிக்கொண்டார், ஒருக்களித்து நுழைந்தார். அவருக்குப் பின்னால் தமயந்தி, மேலேயிருந்து மட்டுமே பார்த்திருந்த நிலத்தில், முதல் தடவையாகக் காலை வைத்தாள். கிழக்கே பார்த்த வாசலில் ஓர் அம்மிணி மோர் கொடுத்தாள். அம்மா கைக்கு எட்டுகிற இடத்தில் பையனின் பாய் சுருட்டி வைத்திருந்தது. ஊரே எழுந்து பின்னால் வந்தது. ஆற்றைக் கடந்தார்கள், ஏழு கட்டம் புல்லைக் கடந்தார்கள், அவள் கோடு போட்டு முடித்த இடத்தையும் கடந்தார்கள். அங்கே கரடு நின்றது. செம்மண்ணும் பாறையுமாக, அவளுக்குப் பேர் தெரியாத ஏதோ ஒரு பூ பாறையிடுக்குகளில் மஞ்சளாகப் பூத்திருக்க, உச்சி வரைக்கும் வெயில் அடித்தது.

"அந்தப் பக்கம் என்னங்க இருக்குது?" என்று கேட்டாள்.

"தெரியலீங்க," என்றார் இமையன். "நீங்க வரட்டுமுன்னு நாங்க யாரும் ஏறல."

அவர் முதுகிலிருந்த அர்த்தநாரி இடது கையை நீட்டி உச்சியைக் காட்டினார், குதிகாலால் இமையனின் இடுப்பில் லேசாகத் தட்டினார். தமயந்தி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மண் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் முன்னால் ஏறினாள்.